உருக்கு நகரில் ஓர் ஆடுகளம்

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டை, கோயில், அங்காடி, ஆலை ஆகியவற்றையே முதற்கண் நோக்குவர். விளையாட்டு மைதானத்தைப் பொருட்படுத்தி எழுதுவோர் மிகச் சிலர். அரசரும் போரும் நிறைந்த ஏடுகளில் பந்துக்கும் ஓட்டத்துக்கும் இடம் கிடைப்பது அரிதே. ஆயினும் நாம் குடியேறி வாழும் ஜாம்ஷெட்பூர் நகரின் கதையை அவ்வாறு எழுதிவிட முடியாது. இந்நகரில் உலைக்களத்துக்கு இடம் முடிவாவதற்கு முன்னரே ஆடுகளத்துக்கு இடம் ஒதுக்குமாறு அறிவுறுத்தப்பட்டது. இஃது உயர்வு நவிற்சியன்று. ஆண்டுக் கணக்கோடு கூடிய உண்மையாகும்.

பிஷ்டுப்பூர்ப் பகுதியில் அமைந்துள்ள ஜே.ஆர்.டி. டாட்டா விளையாட்டு வளாகத்தை நம் சங்கத்துக் குடும்பங்களுள் அறியாதார் இரார். தொழில்முறைக் கால்பந்து அணி ஆடும் அரங்கும் அதுவே. நம் பிள்ளைகள் நீந்தப் பழகும் இடமும் அதுவே. இவ்விரண்டும் ஒரே மதிலுக்குள் எவ்வாறு வந்தன, இனியும் ஒன்றாக நிலைபெற யாது வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிதத்தில் பிறந்த மைதானம்

ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா 1839இல் நவசாரியில் பிறந்தவர். இந்தியாவில் பெரியதோர் இரும்பு ஆலை நிறுவ வேண்டும் என்னும் எண்ணத்தோடு பல்லாண்டுகள் உழைத்தவர். அவர் 1902ஆம் ஆண்டில் தம் மூத்த மைந்தர் தொராப்ஜிக்கு ஒரு கடிதம் வரைந்தார். வருங்காலத்தில் தோன்றவிருக்கும் தொழிலாளர் நகரம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்று அதில் அறிவுறுத்தினார். வீதிகள் அகலமாக இருத்தல் வேண்டும். நிழல் தரும் மரங்கள் நடப்பெற வேண்டும், அவற்றுள் ஒன்றுவிட்டு ஒன்று விரைந்து வளரும் இனமாக இருத்தல் நன்று. தோட்டங்களுக்கு இடம் விட வேண்டும். இந்துக்களுக்கும் இசுலாமியர்க்கும் கிறித்துவர்க்கும் வழிபாட்டு இடங்கள் வேண்டும். கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பூங்காக்களுக்கும் பெரும் நிலப்பரப்பை ஒதுக்கி வைத்தல் வேண்டும். இதுவே அக்கடிதத்தின் சாரம்.

இக்கடிதம் எழுதப்பட்ட காலத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அப்பொழுது ஆலைக்கு இடம் முடிவாகவில்லை. மயூர்பஞ்சில் உள்ள கொருமஹிசானி மலையின் இரும்புக் கனியைப் பற்றி நிலவியல் அறிஞர் பிரமதநாத போஸ் எழுதியதே 1904இல்தான். அவ்வாண்டிலேயே ஜம்ஷெட்ஜி காலமானார். நிறுவனம் பதிவு பெற்றது 1907இல். சுவர்ணரேகையும் கர்காயும் கூடும் இடத்தருகே, காளிமாட்டி என்னும் சிறு ரயில் நிலையத்தை அடுத்த சாக்சி என்னும் சிற்றூர் அதன் பின்னரே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1912 பிப்ரவரியில் முதல் உருக்கு வார்க்கப்பட்டது. 1919இல் அரசப் பிரதிநிதி செம்ஸ்போர்டு பிரபு இங்கு வந்து, நிறுவியவர் பெயரால் நகருக்கு ஜாம்ஷெட்பூர் என்றும், ரயில் நிலையத்துக்கு டாட்டாநகர் என்றும் பெயர் வழங்கினார். கடிதம் எழுதியவர் இவற்றுள் ஒன்றையும் கண்டாரல்லர்.

எனினும் வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் மறத்தலாகாது. சாக்சி ஆளற்ற வெளியாக இருக்கவில்லை. சந்தால், ஹோ, பூமிஜ் மக்கள் வாழ்ந்த சிற்றூர்கள் அங்கிருந்தன. சாலும் புல்வெளியும் நிறைந்த அம்மண்ணில் அவர்தம் இளைஞர் வில்லேந்தி வேட்டையாடினர். விழா நாட்களில் கூடி ஆடினர். ஒதுக்கப்பட்ட 'பெரும் நிலப்பரப்பு' முன்னர் எவருடையதோ என்னும் வினா இவ்வளாகத்தின் கதையில் இறுதிவரை தொடர்ந்து வரும்.

எட்டு மணி நேர வேலையும் மாலைப் பொழுதும்

நிலம் மட்டும் இருந்தால் விளையாட்டு உண்டாகிவிடாது. விளையாடுவோர்க்கு ஓய்வு வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உலையருகே நின்றவன் வீடு திரும்பினால் பாயைத்தான் தேடுவான், பந்தைத் தேடான். இவ்வகையில் 1912ஆம் ஆண்டு மற்றுமொரு காரணத்தாலும் சிறப்புடையது. அவ்வாண்டிலேயே இவ்வாலையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம் வேலை நேரத்தை வரையறுத்தது 1948இல். சட்டத்துக்கு 36 ஆண்டுகள் முன்னரே இங்குள்ள தொழிலாளிக்கு ஒரு மாலைப் பொழுது கிடைத்தது.

ஷிப்டு முறையை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. காலை ஷிப்டு முடிந்து வருவோர் பிற்பகலில் ஓய்வாக இருப்பர்; இரவு ஷிப்டுக்குச் செல்வோர் மாலையில் ஓய்வாக இருப்பர். ஆகவே எந்நேரமும் மைதானத்தில் ஆடுவதற்கு ஓர் அணி எஞ்சியிருந்தது. இலாகாவுக்கு இலாகா பந்தயம் என்பது ஆலை நகரங்களுக்கே உரிய ஒரு வழக்கமாகும். ஒரே உலையில் உழைக்கும் பஞ்சாபியும் வங்காளியும் தெலுங்கரும் தமிழரும் ஒரே சட்டை அணிந்து மற்றோர் இலாகாவை எதிர்த்து ஆடினர். மொழி வேறுபட்டோரை ஒரு நகரத்தாராக ஆக்கியதில் ஆலைச் சங்குக்கு உள்ள பங்கு மைதானத்துக்கும் உண்டு.

இதனால் நகரில் எல்லாம் இன்பமயமாக இருந்தது என்று கொள்ளுதல் தவறு. 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. 1928இன் போராட்டத்தை அடுத்துச் சுபாஷ் சந்திர போஸ் இங்குள்ள தொழிலாளர் சங்கத்தின் தலைமையை ஏற்றார். கூலியும் குடியிருப்பும் குறித்த மனக்குறைகளைப் பந்தாட்டத்தால் ஆற்றிவிட இயலாது. ஆயினும் சட்டத்துக்கு முன்னரே கிடைத்த ஓய்வையும், முன்னோர் ஒதுக்கிய நிலத்தையும் ஒருங்கே பெற்ற நகர் இது என்பதில் ஐயமில்லை.

தொராப்ஜியின் விளையாட்டுப் பற்று

கடிதத்தைப் பெற்ற மைந்தர் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நற்பேறாகத் தொராப்ஜி டாட்டா தாமே ஒரு விளையாட்டு வீரர். கேம்பிரிட்ஜில் பயின்ற காலத்தில் ஆட்டக்களங்களில் பெயர் பெற்றவர். 1919இல் புனே நகரின் டெக்கான் ஜிம்கானா நடத்திய போட்டியில், உழவர் குடியில் பிறந்த இளைஞர்கள் வெறுங்காலோடு ஓடியதை அவர் கண்டார். முறையான பயிற்சியே இல்லாத அவர்களுடைய வேகம் ஐரோப்பிய வீரரின் வேகத்துக்குப் பெரிதும் குறைந்ததன்று என்பதை உணர்ந்தார். அதன் பயனாக 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் விழாவுக்கு இந்தியாவிலிருந்து ஒரு சிறு குழு சென்றது. ஓட்ட வீரர் நால்வர், மல்லர் இருவர். பொருளுதவியில் பெரும்பங்கு தொராப்ஜியுடையது. 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியபொழுது அதன் முதல் தலைவராக அவரே அமர்ந்தார்.

தந்தை மண்ணை ஒதுக்கினார். மைந்தர் வெறுங்கால் ஓட்டக்காரனிடம் திறமை உண்டு என்பதைக் கண்டார். பின்னாளில் இந்நகரில் எழுந்த ஒவ்வொரு களத்துக்கும் இவ்விரண்டு எண்ணங்களே கால்கோள் எனலாம்.

கீனன் மைதானம்

1930களில் ஆலையின் பொது மேலாளராகப் பணியாற்றிய அமெரிக்கர் ஜான் லாரன்ஸ் கீனன் பெயரால் 1939இல் கீனன் மைதானம் அமைந்தது. பல்லாண்டுகள் இந்நகரின் பெருமைக்குரிய அரங்கம் அதுவே. 1983 டிசம்பர் 7ஆம் நாள் அங்கு முதன்முதலாக ஒருநாள் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டம் நடைபெற்றது. அவ்வாண்டு ஜூனில் உலகக் கோப்பையை இழந்த மேற்கிந்தியத் தீவினர் அந்தக் கோபம் தணியாமல் வந்திருந்தனர் போலும்! கிரீனிட்ஜும் ரிச்சர்ட்ஸும் ஆளுக்கொரு சதம் அடித்து இந்திய அணியை வீழ்த்தினர்.

ஆயினும் இம்மைதானத்தின் வரலாற்றில் நினைக்கத்தக்க ஆட்டம், கூட்டம் திரண்ட ஆட்டமன்று. 1999 டிசம்பரில் 19 வயதுக்குட்பட்டோருக்கான கூச் பெஹார் கோப்பையின் இறுதிப் பந்தயம் இங்கு நடைபெற்றது. பீகார் அணி முதலில் ஆடி 357 ஓட்டங்கள் எடுத்தது. எதிர்த்து ஆடிய பஞ்சாபின் யுவராஜ் சிங் ஒருவரே 358 ஓட்டங்கள் குவித்தார். பஞ்சாபின் மொத்தம் 839. நாள் முழுதும் வெயிலில் நின்று பந்து பொறுக்கிய பீகார் அணியில், விக்கெட்டுக்குப் பின்னே கையுறை அணிந்து குந்தியிருந்த ராஞ்சி இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் எடுத்த ஓட்டங்கள் 84. அப்பந்தயத்துக்குப் பின் அவரை எவரும் தோளில் சுமக்கவில்லை. அவரே மகேந்திர சிங் தோனி. பின்னர் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி உலகக் கோப்பையை வென்றவர். சென்னை அணியின் தலைவராகித் தமிழ் மக்களின் உள்ளத்தில் தம் வீட்டுப் பிள்ளையாக இடம் பெற்றவர். தமிழ்நாட்டிலிருந்து நாம் இங்கு வந்தோம். இம்மண்ணிலிருந்து அவர் அங்குச் சென்றார். கணக்கு நேராயிற்று என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

2000 நவம்பரில் ஜார்க்கண்ட் தனி மாநிலமாயிற்று. 2006 ஏப்ரலில் இங்கிலாந்து அணி இங்கு ஆடியதே கீனனின் இறுதி ஒருநாள் சர்வதேச ஆட்டம். 2013 முதல் ராஞ்சியில் எழுந்த புதிய அரங்குக்கு அப்பெருமை சென்றது. பெரிய ஆட்டங்கள் ஓர் ஊருக்கு வரும், போகும். வேறோர் ஊரில் இதைவிடப் பெரிய அரங்கு எழுந்தால் அவை அங்கே சென்றுவிடும். ஆகவே பெரிய ஆட்டத்தை மட்டும் நம்பி ஓர் ஆடுகளம் வாழ இயலாது. கீனன் நமக்குக் கற்பிக்கும் பாடம் இது.

பல ஆட்டங்களுக்கு ஒரு வளாகம்

இப்பாடத்துக்கு விடையாக அமைந்தது 1991இல் திறக்கப்பெற்ற விளையாட்டு வளாகம். நிறுவனத்தை நெடுங்காலம் வழிநடத்தியவரும், 1992இல் பாரத ரத்னா விருது பெற்றவருமான ஜே.ஆர்.டி. டாட்டாவின் பெயரைத் தாங்கியது. நடுவே ஏறத்தாழ 24,000 பேர் அமரத்தக்க அரங்கு. அதனுள்ளே கால்பந்துப் புற்றரை. அதைச் சுற்றி எட்டுத் தடங்கள் கொண்ட செயற்கை ஓடுபாதை. அரங்கை ஒட்டி நீச்சல், டென்னிஸ், கூடைப்பந்து, கைப்பந்து, மேசைப்பந்து, குத்துச்சண்டை, ஹாக்கி, வில்வித்தை ஆகியவற்றுக்கு உரிய இடங்கள், உடற்பயிற்சிக் கூடம் என ஒன்றை அடுத்து ஒன்றாக அமைந்தன.

பல ஆட்டங்களை ஓரிடத்தில் அமைப்பது எளிதன்று. ஓடுபாதையின் ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலமுடையது. எட்டுத் தடங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 10 மீட்டர். உட்சுற்று 400 மீட்டர். இதன் நடுவே 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட கால்பந்துக் களத்தைப் பொருத்துதல் வேண்டும். ஓடுபாதை வளையும் இரு முனைகளிலும் வெற்றிடம் மிகும். ஆதலால் கோல் கம்பத்தின் பின்னே அமர்வோர் ஆட்டத்தினின்றும் வெகு தொலைவில் இருப்பர். கால்பந்து ஒன்றையே விரும்புவோர் இதைக் குறையாகக் கூறுவர். மறுபுறம் சம்மட்டி எறிவோரும் ஈட்டி எறிவோரும் புற்றரையில் குழி விழச் செய்வர். பந்தாட்டக்காரருக்கு அது பொறாது. பந்தாட்டக்காரரின் ஆணி தைத்த காலணிகள் ஓடுபாதையின் மேற்பரப்பைக் கிழிக்கும். ஓட்டக்காரருக்கு அது பொறாது. புல்லுக்கு ஓய்வு வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் மிகுதியாக வேண்டும்.

இவ்வாறு ஒவ்வோர் ஆட்டமும் மற்றோர் ஆட்டத்துக்குச் சிறிது விட்டுக்கொடுத்தால்தான் இத்தகைய வளாகம் நடைபெறும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தோர்க்கு இதன் இயல்பு நன்கு விளங்கும். கூடம் ஒன்று, குடும்பம் பல. யாருக்கு எந்நேரம் என்று வகுத்துக்கொண்டால் வீடு நிலைக்கும்.

வில்லும் பந்தும்

வளாகத்தின் புகழுக்குக் காரணம் அதன் கட்டடமன்று. அதனைச் சார்ந்து வளர்ந்த பயிற்சிக்கூடங்களே. 1987இல் டாட்டா கால்பந்துப் பயிற்சிக்கூடம் தொடங்கப்பெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சிறுவரைத் தேர்ந்தெடுத்து, உணவும் உறையுளும் கல்வியும் அளித்துப் பயிற்றுவிக்கும் முறை இங்கு வேரூன்றியது. பெங்களூரின் கார்ல்டன் சாப்மன், மணிப்பூரின் ரெனெடி சிங், கோவாவின் மகேஷ் காவ்லி, வங்காளத்தின் சுப்ரதா பால் எனப் பயின்று வெளிவந்தோரின் ஊர்ப்பெயர்களே இந்திய வரைபடம் போன்று காட்சி தரும்.

1996இல் வில்வித்தைப் பயிற்சிக்கூடம் தோன்றியது. இங்குதான் முன்னர் எழுப்பிய வினா மீண்டும் நம் முன் வருகிறது. இந்நிலத்தின் தொல்குடிகள் வில்லையே துணையாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். ஆலை வந்தபின் அவர்களுட் பலர் மண்சுமக்கும் கூலிகளாயினர், காடு சுருங்கியது, வில் சுவரில் தொங்கியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, அதே மண்ணில் மீண்டும் நாண் ஒலி எழுந்தது. வேட்டைக்கன்று, 70 மீட்டர் தொலைவில் 122 செண்டிமீட்டர் வட்டப் பலகையின் நடுவே, ஏறத்தாழ ஒரு சாண் அகலமே உள்ள மஞ்சள் வளையத்தைத் துளைப்பதற்கு.

ராஞ்சிக்கு அருகே ஆட்டோ ரிக்ஷா ஓட்டி வாழ்ந்த ஒருவரின் மகள் தீபிகா குமாரி. கர்சாவானில் வில் பழகி, 2006இல் இப்பயிற்சிக்கூடத்தை அடைந்தார். 2010இல் டெல்லியில் நடைபெற்ற காமன்வெல்த் போட்டிகளில் தனியாகவும் அணியோடும் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். இந்நகரின் கோமோலிகா பாரி 2021இல் உலக இளையோர் வாகையைச் சூடினார். நிலம் இழந்தோருக்கு இதனால் நிலம் திரும்பிவிட்டது என்று கூறுவது பொய்யாகும். ஆயினும் எவர் முன்னோரின் மண்ணோ, அவர்தம் பிள்ளைகளுக்கும் இம்மதிலுக்குள் இடம் உண்டு என்பதைக் காட்ட இதுவே தொடக்கம். இத்தொடக்கம் நின்றுவிடுதல் கூடாது.

தொழில்முறை அணியின் வருகை

2017இல் டாட்டா ஸ்டீல் நிறுவனம் இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் ஓர் அணியை இறக்கியது. ஜாம்ஷெட்பூர் கால்பந்துக் கழகம் என்பது அதன் பெயர். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் கொல்கத்தா அணியை எதிர்த்து இவ்வளாகத்தில் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. இரு பக்கமும் கோல் விழவில்லை. எனினும் அன்று கூடிய கூட்டம் தன் ஊருக்கென ஓர் அணி கிடைத்துவிட்ட மகிழ்ச்சியோடு திரும்பியது. அரங்குக்கு 'உலைக்களம்' என்று பொருள்படும் செல்லப் பெயரும் வழங்கலாயிற்று. இங்குள்ள பயிற்சிக்கூடத்தில் சிறுவராகப் பயின்ற சுப்ரதா பால், அவ்வாண்டு இதே நகரின் அணிக்குக் கோல் காவலராகத் திரும்பி வந்தார்.

சென்னை அணி இங்கு வந்து ஆடும் நாட்களில் நம் வீடுகளில் எழும் வழக்கு இனிமையானது. சென்னையை நினைந்து உருகும் பாட்டனார் ஒரு பக்கம். ஜாம்ஷெட்பூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளை மறுபக்கம். பிறந்த மண்ணுக்கும் பிழைக்க வந்த மண்ணுக்கும் இடையே உள்ளம் எவ்வாறு மெல்ல இடம் பெயர்கிறது என்பதை அறிய இதனினும் எளிய அளவுகோல் வேறில்லை. பேரன் கத்தும் பக்கமே அவன் ஊர்.

2021–22 பருவத்தில் இவ்வணி லீக் சுற்றில் முதலிடம் பெற்றுக் கேடயத்தை வென்றது. ஆனால் கொள்ளைநோய்க் காலமாதலால் அப்பருவத்தின் ஆட்டங்கள் அனைத்தும் கோவாவிலேயே நடைபெற்றன. தன் ஊர் மக்கள் ஒருவரும் அரங்கில் இல்லாதபொழுது அணி தன் முதற்பெரும் வெற்றியைப் பெற்றது. அந்நாட்களில் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டோர், வெற்றியின் மகிழ்ச்சியோடு ஏதோ ஒரு வெறுமையையும் உணர்ந்திருப்பர். வெற்றி பதினொருவர் பெறுவது. ஆனால் அது ஓர் ஊரின் வெற்றியாவதற்கு ஊராரும் அருகிருத்தல் வேண்டும்.

மற்ற நாட்கள்

தொழில்முறை அணி வருவதால் வளாகத்துக்குப் பெருமை வரும், விளக்கு வரும், நல்ல புற்றரை வரும். அதனோடு ஓர் அச்சமும் வரும். உயர்ந்த புல்லில் ஊர்ச்சிறுவன் கால் வைக்கலாமா? பல இலட்சம் மதிப்புள்ள ஓடுபாதையைப் பள்ளி விழாவுக்குத் தரலாமா? பொருள் செலவு மிக மிக, வாயில் குறுகுவது உலக இயற்கை. நம் நாட்டில் பெரும் போட்டிக்கெனக் கட்டி, போட்டி முடிந்ததும் பூட்டிவிட்ட அரங்குகள் பல. அவற்றைக் கட்டியவர்கள் ஆட்ட நாட்களை மட்டும் எண்ணினர். ஓர் அணி தன் சொந்த அரங்கில் ஆடும் நாட்கள் ஒரு பருவத்தில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் மிகுவதில்லை. ஆண்டின் எஞ்சிய 350 நாட்களில் வாயில் எவருக்குத் திறக்கிறது என்பதைப் பொறுத்தே அது நகரின் களமா, காட்சிப் பொருளா என்பது முடிவாகும்.

அத்தகைய மற்ற நாட்களுள் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுதல் தகும். பிரேமலதா அகர்வால் இந்நகரில் வாழும் இல்லத்தரசி. மகளின் விளையாட்டுப் பயிற்சிக்காக இவ்வளாகத்துக்கு வந்துசென்ற தாய்மாருள் ஒருவர். வயது முப்பத்தைந்தைக் கடந்தவர். அவ்வாறு வந்த காலத்தில் தால்மா மலை நடைப் போட்டியைப் பற்றி அறிந்து, தாமும் கலந்துகொண்டார். 1984இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்மணி பச்சேந்திரி பால் இந்நகரில் மலையேற்றப் பயிற்சி அளித்து வந்தார். அவர் பிரேமலதாவின் திறமையை உணர்ந்து வழிகாட்டினார். 2011 மே மாதத்தில் தம் 48ஆம் வயதில் பிரேமலதா எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். 2013க்குள் ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் ஏறி முடித்த முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையைப் பெற்றார். மகளை விட்டுவிட்டு வாயிலில் காத்திருந்த தாய்க்கும் அந்த வளாகம் பயன்பட்டது. கணக்கேட்டில் இத்தகைய வருவாய்க்கு வரி எழுதும் இடம் இல்லை.

நம் கடமை

இவ்வரலாற்றிலிருந்து நம் சங்கத்துக் குடும்பங்கள் கொள்ளத்தக்கது யாது? பெரும்பாலும் கல்வியை நம்பி இங்கு வந்தவர்கள் நாம். பிள்ளைகள் பொறியியலும் மருத்துவமும் பயில வேண்டும் என்பது நம் தவம். அதில் குற்றமில்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு மைதானத்தை நோக்கினால் நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்குளர்? அந்நேரம் அவர்கள் டியூஷன் வகுப்பில் இருப்பர். எட்டு மணி நேர வேலை பெற்ற தொழிலாளியின் பேரன், பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் எனப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறான்! பாட்டனுக்கு 1912இல் கிடைத்த மாலைப் பொழுதைப் பேரனிடமிருந்து நாமே பறித்துவிட்டோம். பெண் குழந்தைகளோ, பத்து வயது கடந்ததும் களத்தினின்றும் மெல்ல மறைந்துவிடுகின்றனர்.

ஆடுவாரற்ற மைதானம் நெடுநாள் மைதானமாக இராது. முதலில் ஓரத்தில் வண்டிகள் நிற்கும். பின்னர்க் கல்யாணப் பந்தல் எழும். அதன்பின் ஒரு நாள் மதில் எழும். அப்பொழுது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவதால் பயனில்லை. பெரிய வளாகத்துக்கு உள்ள பாதுகாப்பு காலனியின் சிறு திடலுக்கு இல்லை. நாள்தோறும் அங்குப் பத்துப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே அதற்குப் பட்டா.

ஆகவே நம் சங்கத்தாருக்குச் சில விண்ணப்பங்கள். வாரத்தில் நான்கு மாலைகளேனும் பிள்ளைகளை, பெண் குழந்தைகளையும் சேர்த்தே, மைதானத்துக்கு அனுப்புங்கள். சூப்பர் லீக் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கும் நாம், உள்ளூர்ப் பள்ளிகளும் இலாகாக்களும் மோதும் ஆட்டத்துக்கும் சென்று ஒரு மணி நேரம் அமர்வோம்; சீட்டு வேண்டியதில்லை. வீட்டு வேலை செய்ய வரும் பெண்ணின் பிள்ளைக்கும் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் வழியைக் காட்டுவோம். அப்பிள்ளையின் குடி நமக்கு முன்னர் இம்மண்ணில் வாழ்ந்தது. ஆண்டு விழாவில் பாட்டுக்கும் பேச்சுக்கும் பரிசளிக்கும் நாம், ஓட்டத்துக்கும் அதே மேடையில், அதே மதிப்புள்ள பரிசை அளிப்போம்.

ஆலையே எழாத காலத்தில், பிறவாத பிள்ளைகளுக்காக ஒருவர் நிலம் ஒதுக்கச் சொன்னார். அந்நிலத்தில் நாம் குடியேறினோம். பிள்ளைகளும் பிறந்துவிட்டனர். அவர்களை அங்கு அனுப்பி வைக்கும் வேலை ஒன்றே நமக்கு எஞ்சியுள்ளது.